எல்லாப் பதிவும் ஒரே தடவையில் வருமா? ஒரு பி.எச்.பி. பாடப் பக்கத்தைப் பற்றி

டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தின் பி.எச்.பி. பாடங்களில், மைசீக்வல் தரவுத்தளத்திலிருந்து பல பதிவுகளை எடுத்துத் திரையில் காட்டுவது எப்படி என்று ஒரு பக்கம் உண்டு. இந்தத் துறையில் கால் வைக்கும் மாணவர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போவார். 'மை கெஸ்ட்ஸ்' என்று ஓர் அட்டவணை, அதில் எண், முதற்பெயர், கடைப்பெயர், ஜான் டோ என்றொரு விருந்தாளி. இணையத்தில் கிடைக்கிற எத்தனையோ குறிப்புகள் இதன் நகல்தான். மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்த தமிழ்க் குறிப்புகள் சிலவும் அப்படியே.

இதைத் தமிழாசிரியர் ஏட்டில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இரண்டு. படிவம் 5 கணினி அறிவியல் பாடத்தில் எஸ்.கியூ.எல்., பி.எச்.பி. இரண்டும் இருக்கின்றன. பாடம் மலாயில் நடக்கும், இருமொழித் திட்டப் பள்ளி என்றால் ஆங்கிலத்தில். புரியாத பிள்ளை வீட்டில் தமிழ் விளக்கம் தேடுகிறது. இன்னொன்று, நம்மில் பலர் பழமொழி, இணைமொழி, மரபுத்தொடர் எல்லாவற்றையும் எக்செல் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறோம். அதை ஓர் இணையப் பட்டியலாக்க ஆசைப்படும்போது நாமும் இந்தப் பக்கத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம்.

(இங்கே கட்டளைப் பெயர்களை உச்சரிக்கிற மாதிரி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தின் நிரல் ஓடும். சுருக்கமானது, நகலெடுத்து ஒட்டினால் உடனே விடை வரும். பதிவு ஒன்றும் இல்லாவிட்டால் 'பூஜ்ய முடிவுகள்' என்று சொல்லவும் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7.0 பழைய மைசீக்வல் செயற்கூறுகளை நீக்கிவிட்டது. அதற்குப் பிறகும் அவற்றையே சொல்லித் தருகிற குறிப்புகள் ஏராளம். அவற்றோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

சிக்கல் நிரலில் இல்லை. நிரலுக்குக் கீழே உள்ள விளக்கத்தில் இருக்கிறது. நான் வகுப்புக்குப் பயன்படுத்திய வடிவத்தில் அந்த விளக்கம் சொல்வது இது: பதிவுகள் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், ஃபெட்ச் அசோக் என்ற செயற்கூறு முடிவுகள் எல்லாவற்றையும் ஓர் அணிக்குள் போட்டுவிடும், பிறகு வைல் மடக்கு அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும்.

இது தவறு. ஃபெட்ச் அசோக் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. ஒரு தடவை அழைத்தால் ஒரே ஒரு பதிவைத்தான் தரும்.

வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது சிலர் பெயருக்குக் கீழே அடிக்கோல் வைத்துக்கொள்வார்கள். ஒரு பெயரை வாசித்ததும் அடிக்கோல் ஒரு வரி இறங்கும். ஃபெட்ச் அசோக் செய்வது அதுதான்: அடிக்கோல் இருக்கிற வரியைக் கையில் கொடுக்கும், அடிக்கோலை ஒரு வரி கீழே நகர்த்தும். வரிகள் தீர்ந்துபோனால் 'நல்' என்ற வெறுமையைக் கொடுக்கும். நிரலில் இருப்பது இந்த ஒரு வரி:

வைல் ($பதிவு = $முடிவு->ஃபெட்ச்_அசோக்())

நடுவில் இருக்கும் சமக்குறி 'சமமா' என்று கேட்கவில்லை. வலப்பக்கம் வந்ததை இடப்பக்கத்து மாறியில் வைக்கிறது. வைத்தது ஒரு பதிவாக இருந்தால் மடக்கு தொடரும், வெறுமையாக இருந்தால் நின்றுவிடும். ஆக, இந்த ஒரு வரி மூன்று வேலை செய்கிறது: எடுப்பது, வைப்பது, தொடரலாமா என்று முடிவு செய்வது. தொடக்கநிலை மாணவருக்கு இந்தப் பக்கத்திலேயே கடினமான இடம் இதுதான். அதற்கு நாலு வாக்கியம் செலவு செய்திருக்க வேண்டும். செய்தது ஒரு வாக்கியம், அதுவும் தவறான வாக்கியம்.

(மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. பி.எச்.பி. இதை உண்மையிலேயே ஏற்றுக்கொள்ளும். மாணவர்களிடம் காட்டிப் பாருங்கள், முகம் மலரும்.)

நிரல் ஓடுகிறதே, விளக்கம் கொஞ்சம் பிசகினால் என்ன என்று சிலர் நினைக்கலாம். நகல் ஒட்டுகிற வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். சொந்தமாக எழுத ஆரம்பித்ததும் அந்த வாக்கியம் வேலையைக் காட்டும். எல்லாம் ஒரே அழைப்பில் வந்துவிடும் என்று நம்புகிற மாணவர் மடக்கே இல்லாமல் ஒரு தடவை அழைப்பார். திரையில் ஒரு பதிவு மட்டும் தெரியும். இன்னொருவர் எச்சரிக்கையானவர். ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க, மடக்குக்கு மேலே ஒரு தடவை அழைத்துச் சோதிப்பார், பிறகு மடக்கைத் தொடங்குவார். இவருக்குப் பட்டியலின் முதல் பதிவு காணாமல் போகும், ஏனென்றால் அடிக்கோல் ஏற்கெனவே ஒரு வரி இறங்கிவிட்டது. முப்பது பழமொழியில் இருபத்தொன்பது வந்தால் யார் கண்ணில் படும்?

மூன்றாவது வகை, அதே முடிவை இரண்டு இடத்தில் காட்ட விரும்புகிறவர்: மேலே பட்டியல், கீழே தேர்வுப்பெட்டி. முதல் மடக்கு முடிந்தபோது அடிக்கோல் ஏட்டின் அடிக்குப் போய்விட்டது. இரண்டாவது மடக்குக்கு ஒன்றும் கிடைக்காது. பிழைச்செய்தியும் வராது. டேட்டா சீக் என்ற செயற்கூறைக் கொண்டு அடிக்கோலைத் திரும்பவும் முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும். அடிக்கோல் என்ற எண்ணமே மனத்தில் இல்லாத மாணவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அந்த வாக்கியத்துக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். வழக்கமான முறையில், வினவல் ஓடியவுடனேயே எல்லாப் பதிவுகளும் பி.எச்.பி. பக்கம் வந்து நினைவகத்தில் காத்திருக்கும். உண்மைதான். ஆனால் அது கொயரி என்ற செயற்கூறு செய்த வேலை. ஃபெட்ச் அசோக் அந்தக் குவியலிலிருந்து ஒன்றொன்றாக எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் குழப்பினால் பாடமே குழம்பும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாக்கியம் வேறொரு செயற்கூறுக்கு நன்றாகப் பொருந்தும். ஃபெட்ச் ஆல் என்று ஒன்று இருக்கிறது. அது எல்லாப் பதிவுகளையும் ஒரே அணியாகத் தந்துவிடும், ஃபார்ஈச் மடக்கால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மைசீக்வல்ஐ குடும்பத்தில் ஃபெட்ச் ஆல் தானாகத் தருவது 0, 1, 2 என்ற எண் சாவிகளை. புலத்தின் பெயரால் அழைக்க வேண்டுமென்றால் 'அசோக்' வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும்.

ஒன்றொன்றாக எடுப்பதா, மொத்தமாக எடுப்பதா? எது எப்போது என்று தேர்ந்தெடுக்கக் கற்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். எடுத்தவுடன் அச்சிட்டுக்கொண்டே போவதென்றால் ஒன்றொன்றாக எடுப்பது போதும். மறுபடி அடுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், இரண்டு இடத்தில் காட்ட வேண்டும் என்றால் மொத்தமாக எடுத்துக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்தின் தவறான வாக்கியம் இந்தத் தேர்வையே மறைத்துவிடுகிறது.

மடக்கைப் பற்றி இன்னொன்று. மதிப்பெண் பட்டியல் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எச்.பி. 8.1 முதல் ஃபெட்ச் காலம் என்ற செயற்கூறு மைசீக்வல்ஐ குடும்பத்திலும் வந்துவிட்டது. அது ஒரு புலத்தின் மதிப்பை மட்டும் தரும். வசதிதான். ஆனால் மேலே காட்டிய வைல் வரியில் அதைப் பொருத்தினால், மதிப்பெண் 0 வந்த இடத்தில் மடக்கு நின்றுவிடும். பி.எச்.பி.க்குப் பூஜ்யமும் 'இல்லை' மாதிரிதான். ஒரு மாணவர் பூஜ்யம் வாங்கினால் அவருக்குப் பின்னால் இருக்கிற எல்லாரும் பட்டியலிலிருந்து மறைவார்கள். முழுப் பதிவாக எடுக்கும்போது இந்தத் தொல்லை கிடையாது.

அதே பக்கத்தில் பி.டி.ஓ. முறைக்குத் தந்திருக்கும் மாதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'டேபிள் ரோஸ்' என்று ஒரு வகுப்பு, அது இன்னொரு பெரிய வகுப்பின் வாரிசு, அதற்குள் மூன்று நான்கு செயற்கூறுகள். இவ்வளவும் ஒரு சின்ன அட்டவணையின் கட்டங்களைப் போடுவதற்கு! பி.டி.ஓ.வில் ஃபெட்ச் ஆல், ஒரு ஃபார்ஈச் மடக்கு, தீர்ந்தது வேலை. முதல் தடவை பார்க்கிற பிள்ளை 'பி.டி.ஓ. நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடும். எனக்கு இது வாக்கியப் பிழையைவிடக் கோபத்தைத் தருகிறது. பிழையைத் திருத்திவிடலாம், பயத்தைப் போக்குவது கஷ்டம்.

எடுத்த பதிவைத் திரையில் காட்டும் பகுதியிலும் ஒரு குறை உண்டு. பெயரை அப்படியே எக்கோ செய்துவிடுகிறது. யாராவது பெயர்க் கட்டத்தில் விளையாட்டாக ஒரு ஸ்கிரிப்ட் துண்டை எழுதி வைத்திருந்தால், அது பட்டியலில் பெயராகத் தெரியாமல் பக்கத்தில் ஓடத் தொடங்கும். எச்.டி.எம்.எல். ஸ்பெஷல்சார்ஸ் என்ற செயற்கூறு வழியாக அனுப்பினால் எழுத்து எழுத்தாகவே தெரியும். இதே தளம் படிவம் நிரப்பும் பாடத்தில் இதைச் சொல்லித் தந்திருக்கிறது, இங்கே விட்டுவிட்டது. நான்காம் படிவத்துப் பையன்களைத் தெரிந்தவர்களுக்கு இது கற்பனை ஆபத்து இல்லை என்று தெரியும்.

இனி, தமிழ்க் குறிப்புகள். மூலத்தில் இருக்கும் தவறான வாக்கியத்தை அப்படியே பெயர்த்திருப்பது ஒரு பக்கம். மாதிரித் தரவைக் கூட மாற்றாமல் இருப்பது இன்னொரு பக்கம். முதற்பெயர், கடைப்பெயர் என்ற இரண்டு புலங்கள் நம் பெயருக்குப் பொருந்துமா? அடையாள அட்டையில் நம் பெயருக்கு நடுவில் ஏ/எல், ஏ/பி நிற்கிறது. அதற்குப் பின்னால் வருவது குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். மாணவரின் முதல் அட்டவணையே அவர் பெயரை ஏற்காத அட்டவணையாக இருக்கிறது. அதற்குப் பதில் இணைமொழி அட்டவணை ஒன்று போடலாம்: எண், இணைமொழி, பொருள், படிவம். 'அருமை பெருமை', 'ஈவு இரக்கம்', 'மூலை முடுக்கு' என்று ஐந்தாறு பதிவு போதும்.

கலைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'வரிசை' என்ற சொல் சில குறிப்புகளில் பதிவையும் குறிக்கிறது, அகரவரிசையையும் குறிக்கிறது. 'வரிசைகளை வரிசைப்படுத்து' என்று படித்தால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? கணிதத்தில் செங்குத்தாக நிற்பது நிரல், கணினியில் நிரல் என்றால் புரோகிராம். எனக்குப் பதிவு, புலம் என்ற இரண்டும் போதும் என்று படுகிறது.

தமிழ்த் தரவு என்று வந்தவுடன், ஆங்கில மாதிரி தொடாத ஒரு விஷயமும் வருகிறது: அகரவரிசை. 'ஆர்டர் பை' என்று எழுதினால் தரவுத்தளம் அடுக்கிக் கொடுக்கும் என்பது சரி. ஆனால் ஜெனரல் சி.ஐ. என்ற ஒப்பீட்டு முறையில் அட்டவணை இருந்தால், யூனிகோடு எண் வரிசைப்படிதான் தமிழ் அடுக்கப்படும். யூனிகோட்டில் ன என்பது ந வுக்கு அடுத்து இருக்கிறது, ழ என்பது வ வுக்கு முன்னால், புள்ளி எல்லாக் குறிகளுக்கும் பின்னால். அதனால் பக்கம், பகல், பவளம், பழம் என்று வர வேண்டியது பகல், பக்கம், பழம், பவளம் என்று வரும். மயிலுக்கு முன்னால் மனம் வந்து நிற்கும். சொல்லின் முதலெழுத்துகள் பெரும்பாலும் சரியாகவே அடுங்கி நிற்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் பிழை தெரியாது. நம் பிள்ளைகளுக்கு அகராதி பார்க்கச் சொல்லித் தருகிற நாமே பிழையான வரிசையை இணையத்தில் போட்டுவைப்போம்.

மொத்தமாக எடுப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஃபெட்ச் ஆல் மூலம் பதிவுகளை அணியாக எடுத்துக்கொண்டு, பி.எச்.பி.யின் இன்டெல் நீட்டிப்பில் உள்ள கொலேட்டர் வகுப்புக்கு 'தமிழ்' என்று சொல்லி, யூசார்ட் செயற்கூறால் அடுக்கலாம். தமிழுக்கான வரிசை விதிகள் அதில் உண்டு. மேலே சொன்ன நான்கு சொல்லையும் கொடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள். விண்டோசில் எக்ஸ்.ஏ.எம்.பி.பி. வைத்திருப்பவர்கள், பி.எச்.பி. அமைப்புக் கோப்பில் இன்டெல் வரிக்கு முன்னால் அரைப்புள்ளி இருந்தால் அதை எடுத்துவிட்டு அப்பாச்சியை மறுபடி தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கொலேட்டர் என்ற வகுப்பே இல்லை என்று பிழைச்செய்தி வரும்.