பத்திரிகைக் கட்டும் புத்தக அலமாரியும்

நம் சமுதாயத்துப் பரிசளிப்பு விழாக்களில் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் பெயர் ஒலிக்காத விழா அரிது. பேச வருபவர் எவராயினும் அவர் கூறும் கதை ஒன்றே. இராமேசுவரத்தில் பத்திரிகை விற்ற ஏழைச் சிறுவன் கனவு கண்டான். நாட்டின் குடியரசுத் தலைவனானான். கேட்டுக் கைதட்டுகின்றோம், கலைந்து செல்கின்றோம். அக்கதைக்கு மூலமான நூல், அருண் திவாரியின் துணையோடு 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் 'அக்கினிச் சிறகுகள்' எனத் தமிழ் வடிவம் பெற்ற தன்வரலாறாகும். அதனை அண்மையில் மீண்டும் பொறுமையாகப் படித்தேன். மேடைக் கதை வேறு, நூல் சொல்லும் கதை வேறு என்பதே என் முடிவு. இவ்விரண்டிற்கும் இடையில் நம் பிள்ளைகளின் கல்வி பற்றிய பெரும்பிழை ஒன்று மறைந்து கிடக்கின்றது.

முதலில் வறுமையை எடுத்துக்கொள்வோம். தந்தையார் ஜைனுலாப்தீன் பெரிய படிப்போ பெருஞ்செல்வமோ உடையவர் அல்லர் என்று நூல் கூறுகின்றது. ஆயினும், பள்ளிவாசல் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பூர்வீக வீடு அவர்களுக்கு இருந்தது. உணவுக்கும் உடைக்கும் மருந்துக்கும் குறைவில்லை. அன்னையார் ஆஷியம்மா வீட்டாருக்கு மட்டுமன்றி வெளியார் பலருக்கும் நாள்தோறும் உணவளித்தார். அப்படியாயின் குறை எங்கே இருந்தது? வழிகாட்டுவார் இல்லாமையில் இருந்தது. அத்தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அகமது ஜலாலுத்தீன் ஒருவரே என்று கலாம் எழுதுகின்றார். பட்டினியை விடப் பெரிதான இந்த இல்லாமையை மேடைப் பேச்சாளர்கள் காண்பதில்லை. கண்ணீர் வரவழைக்கப் பட்டினிதான் எளிது போலும்!

பத்திரிகைக் கட்டும் இத்தகையதே. 1939-இல் உலகப் போர் மூண்டபோது கலாமுக்கு வயது எட்டு. பின்னர், இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க அவருடைய உறவினர் சம்சுத்தீனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவ்விடத்தை நிரப்பியவர் சிறுவர் கலாம். தம் உழைப்பில் ஈட்டிய முதற்காசின் பெருமிதத்தை அவர் நூலில் மறவாமல் பதிவு செய்கின்றார். ஆனால் அதனினும் முதன்மையான செய்தி ஒன்று அதே பகுதியில் உளது. ஜலாலுத்தீன் வாய்மொழியாகக் கூறும் போர்ச் செய்திகளைச் சிறுவர் தினமணியின் தலைப்புகளில் தேடிப் பார்ப்பாராம்! சுமந்த கட்டைப் பிரித்துப் படித்தவர் அவர். படிக்காமல் சுமந்திருப்பின், அது வெறும் சுமையாகவே முடிந்திருக்கும்.

அடுத்து எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்னும் தேசியவாதியின் வீட்டு நூலகம். இராமேசுவரத்தில் தம் சொந்த நூல்களைத் திரட்டி வைத்திருந்த அவர், சிறுவரை இயன்ற மட்டும் படிக்கத் தூண்டினார். கலாம் அடிக்கடி அவர் வீட்டுக்குச் சென்று நூல்களை இரவல் வாங்கி வந்தார். பரிசளிப்பு விழாவில் இந்த மாணிக்கத்தின் பெயரைக் கூறிய பேச்சாளர் ஒருவரையேனும் நான் இதுவரை கேட்டதில்லை.

இனி, திருச்சிராப்பள்ளி. இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியை முடித்து, 1950-இல் தூய வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார் கலாம். அவ்வூரின் ஜமால் முகம்மது கல்லூரி தோன்றியது அடுத்த ஆண்டிலேதான். விடுதி அறையில் உடனிருந்தோர் இருவர். ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். ஆங்கிலப் பேராசிரியரும் விடுதிக் காப்பாளருமாகிய அருட்தந்தை செக்கீரா, ஒவ்வோர் இரவும் விவிலியத்தைக் கையிலேந்தி மாணவர் நலம் கேட்டு வருவார். இராமேசுவரத்து முஸ்லிம் இளைஞரோ சைவ உணவுக்கூடத்தின் செயலாளராக இருந்தார். விடுமுறையில் ஊர் திரும்பினால் தமையனார் முஸ்தபா கமாலின் மளிகைக் கடையில் மணிக்கணக்கில் எண்ணெயும் வெங்காயமும் அரிசியும் விற்றார். தேர்வு மதிப்பெண் அளவில் தாம் சிறந்த மாணவர் அல்லர் என்றும் அவரே ஒப்புகின்றார். கல்லூரியின் இறுதியாண்டில்தான் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் நூல்களில் சுவை பிறந்தது. பின்னர்த் தத்துவ நூல்களிற் சென்றது.

இவ்விடத்தில்தான் நூலின் மேல் எனக்கொரு குறை உண்டு. டால்ஸ்டாயின் எந்த நூல், அதை யார் கொடுத்தார், எந்தப் பக்கம் அவரை உறங்கவிடாமற் செய்தது என்பன நூலில் இல்லை. ஸ்ரீரங்கத்து நண்பருக்குப் பெயரும் இல்லை. ஏவுகணையின் ஒவ்வோர் உறுப்பையும் விரித்துரைக்கும் ஆசிரியர், தம் உள்ளத்தை உருவாக்கிய ஆண்டுகளைச் சில பக்கங்களில் கடந்துவிடுகின்றார்.

ஒப்புநோக்க, அதே திருச்சிராப்பள்ளியில் இளமையிலேயே தந்தையை இழந்து வளர்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) வரலாற்றைப் பாருங்கள். உ.வே. சாமிநாதையர் 1933–34-இல் வெளியிட்ட அந்நூலில், இன்ன நூலை இன்னாரிடம் கற்றார் என்னும் விவரம் விரிவாக உளது. தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் தெருத்தெருவாக இரந்து வர, அவர் பின்னாலேயே நடந்து அந்நூலைப் பாடங்கேட்ட இளைஞரை அங்கே காண்கின்றோம். பிற்காலத்தில் அவரிடம் பாடங்கேட்டவர்களுள் நம் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர். கற்றலின் வழியைக் காட்டும் வரலாறு அது. 'அக்கினிச் சிறகுகள்' அவ்வழியைச் சுட்டுகின்றது, முழுதும் காட்டவில்லை.

ஆயினும் அதன் நேர்மையைப் பாராட்டாதிருக்க இயலாது. 1954-இல் பி.எஸ்ஸி. முடித்த பின்னரே, இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலே தமக்குரியது என்று கலாம் உணர்கின்றார். இன்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியலிற் சேர்ந்திருக்கலாம், சொல்வார் இல்லை. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது, தமக்கையார் ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம் சம்பாத்தியத்திலேயே அவற்றை மீட்பதென உறுதி பூண்டார் தம்பி. அக்கல்லூரியில் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு விதித்து, தவறினால் உதவித்தொகை நின்றுவிடும் என்றபோது, இரவு உணவையும் விட்டு வரைபலகையின் முன் நின்றார். இவ்வுறுதிக்கும் உழைப்புக்கும் பின்னால் தமக்கையின் நகை நின்றது. அத்தமக்கை எதுவரை படித்தார், படிக்க விரும்பினாரா என்பதை நூல் பேசவில்லை. நகை கொடுத்த கைக்குப் புத்தகம் கிடைத்ததா என்று கேட்காமல் நாம் இவ்வரலாற்றை மூடிவைத்தல் முறையன்று.

ஆகவே நான் கூற விழைவது இதுவே. கனவு ஒன்றே போதும் என்று பிள்ளைகளிடம் சொல்வது, பழியைப் பிள்ளைகள் மேல் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் தப்பிக்கும் வழி. கனவு கண்டும் கரையேறாத பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். கலாம் அவர்களின் வாழ்வில் கனவுக்கு முன்னே இரவல் கொடுத்த ஓர் அலமாரி இருந்தது. செய்தியை விளக்கிச் சொன்ன ஒரு ஜலாலுத்தீன் இருந்தார். நலம் கேட்ட ஒரு காப்பாளர் இருந்தார். அடகுக்குப் போன வளையல்கள் இருந்தன. இவற்றைத் தரவேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

ஓதுவதையே முதற்கட்டளையாகப் பெற்ற சமுதாயம் நம்முடையது. நம் வீடுகளில் பீங்கான் பாத்திரங்களுக்குக் கண்ணாடி அலமாரி உண்டு, புத்தகத்திற்கு உண்டா? உண்டாயின், அதன் சாவி பெண்பிள்ளையின் கைக்கும் எட்டுமா? அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து இரவல் கேட்டால் எடுத்துக் கொடுப்போமா? அடுத்த பரிசளிப்பு விழாவில் கலாம் அவர்களின் பெயரைச் சொல்லுமுன், இக்கேள்விகளுக்கு விடை கூறிவிட்டு மேடை ஏறுவோமாக.