வேலியோரச் செம்பருத்தி

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துக்குள் நடந்தாலும் ஏதாவதொரு குவார்ட்டர்ஸ் வேலியோரம் செம்பருத்தி நிற்கும். அடுக்குச் செம்பருத்தியைப் பலர் விரும்புவார்கள். என் மனசு ஐந்திதழ்ச் சிவப்பிடம்தான். அதன் நடுத்தண்டை உற்றுப் பாருங்கள்: மேல்பாதி முழுக்க மஞ்சள் மகரந்தம், நுனியில் வெல்வெட் போன்ற ஐந்து சிவப்பு உருண்டைகள். இவ்வளவு வேலைப்பாடும் ஒரே நாளைக்கு!

விதைக்குக் காத்திருக்க வேண்டாம். பென்சில் பருமனில் முற்றிய குச்சி, ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மழைக்காலத்தில் ஊன்றினால் போதும். இங்குள்ள செம்மண்ணில் தண்ணீர் தேங்காது. வேருக்கு அது நல்லது. ஆனால் கோடையில் தண்ணீர் தவறினால் மொட்டு உதிரும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் கவாத்து செய்யத் தயங்கக் கூடாது. தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து அடிக்கலாம்.

வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்குப் பூ. எண்ணெய்க் குளியலுக்கு இலை: தண்ணீரில் கசக்கினால் கொழகொழவென்று வரும், வடிகட்டித் தலையில் தேய்த்தால் முடி அப்படி மிருதுவாகும். மிச்சப் பூக்களின் இதழை வெந்நீரில் போட்டால் ஊதாச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவந்துவிடும். சர்க்கரை சேர்த்தால் வெயிலுக்கு அருமையான சர்பத்.