மரமில்லாத 'ஃபாரஸ்ட்': கில்பர்ட் ஒயிட் நூலில் சொல்லும் சான்றும்

கில்பர்ட் ஒயிட்டின் (1720–1793) 'செல்போர்னின் இயற்கை வரலாறு' 1789ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்த கடித நூல். ஹாம்ப்ஷயரில் உள்ள தம் ஊரின் பறவை, விலங்கு, செடிகொடிகளைப் பற்றித் தாமஸ் பென்னண்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் ஆகியோர்க்கு அவர் வரைந்த மடல்களாக அது அமைந்துள்ளது. (சில மடல்கள் அஞ்சலில் சேராமல் நூலுக்கென்றே எழுதப்பட்டவை.) இத்தகைய நூலைத் தமிழாக்குவதில் உயிரினப் பெயர்களே பெருந்தடை எனக் கருதுவது இயல்பு. ஆனால் பெயர்களுக்கு ஒலிபெயர்ப்பும் அடிக்குறிப்பும் உள்ளன. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது.

ஊரை அடுத்த வுல்மர் ஃபாரஸ்ட் மணற்பாங்கானது. குறும்புதரும் பெரணியும் மண்டியது. அதில் நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லை என ஒயிட்டே கூறுகிறார். அச்சொல் முதற்கண் அரச வேட்டைச் சட்டத்திற்குட்பட்ட நிலத்தையே குறித்தது. மரச்செறிவு அதன் இன்றியமையாப் பொருட்கூறன்று. 'வனம்' என்றால் வாசகர் மனத்தில் மரங்கள் முளைத்துவிடும். கொங்கு வட்டாரத்தில் மானாவாரி நிலமும் 'காடு' எனப்படுவதால் அச்சொல் ஓரளவு நெகிழும். ஆயினும் அரசுரிமை என்னும் கூறு அதில் இல்லை. 'அரச வேட்டைநிலம்' என்பதே பொருந்தும்.

இதனினும் நுட்பமானது சான்றுநிலை. ஆன் அரசியார் அங்குச் சுமார் 500 செம்மான்களைக் கண்ட செய்தியை ஒயிட் நேரே கூறவில்லை. ஆதம்ஸ் என்னும் முதிய காவலர், தம் தந்தை பலகால் சொன்னதாகக் கூறியது அது. களவு வேட்டையால் மந்தை சுமார் 50ஆகக் குறைந்தது என்பதும் அவர் வாய்மொழியே. பின்னர், எஞ்சிய மான்களைக் கம்பர்லாந்துக் கோமகனின் ஆட்கள் பிடித்துச் சென்றபோது வேட்டையர் ஒருவர் கலைமானொன்றைத் தனிப்படுத்தியதையோ ஒயிட் தாமே கண்டவர்.

ஒரு விலங்கு ஒரு நிலத்தினின்று மறைந்த வரலாற்றுக்கு இவ்வேறுபாடே அடித்தளம். தமிழின் '-ஆம்' ஒட்டு கேள்விச் செய்தியைச் சுட்டும். ஆனால் இருவர் வாய்வழி வந்ததை அது தனியே காட்டாது. 'கண்டாராம் எனத் தம் தந்தை சொன்னதாக ஆதம்ஸ் கூறுகிறார்' என நீட்டுவதே நேர்மை. அறிவியல் தமிழில் பெருகிவிட்ட 'காணப்பட்டது' கண்டவரையே அழித்துவிடுகிறது. இந்நூலுக்கு அது முற்றிலும் ஒவ்வாது.

தகைவிலான்கள் சில குளிர்காலத்தில் இங்கிலாந்திலேயே ஒடுங்கியிருக்கக்கூடும் என்னும் எண்ணத்தையும் ஒயிட் ஐயமாகவே வைத்தார். அதனை 'ஒடுங்குகின்றன' எனப் பெயர்த்தால், அவர் செய்யாத பிழையொன்று அவர் தலையில் விழும்.