பாம் ஷெல்ட்டரில் ஊமையாகும் டேக்

வீட்டு வாசலைத் தாண்டிப்போன பொருளை இந்த டேக் அழகாகக் கண்டுபிடிக்கிறது. வீட்டுக்குள்ளேயே காணாமல் போன பொருள் என்றால் கையை விரித்துவிடுகிறது. நான் இதை வாங்கியதோ இரண்டாவது வேலைக்கு.

சிராங்கூன் சாலைப் பக்கம் வாங்கிய நான்கு டேக் கொண்ட பொட்டலம் இது. ஆப்பிளின் அசல் ஏர்டேக் இல்லை; ஆனால் ஆப்பிளின் ‘ஃபைண்ட் மை’ செயலியிலேயே இயங்கும். பெட்டியில் அச்சடித்த பெயர் அடுத்த மாதம் வேறொன்றாக மாறிவிடும் ரகம் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். ப்ளூடூத், உள்ளே பொத்தான் போல ஒரு பேட்டரி, ஏறத்தாழ ஓராண்டு ஆயுள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

நான்கில் ஒன்று சாவிக்கொத்துக்கு, ஒன்று குடைக்கு, ஒன்று டிரில் பெட்டிக்கு, ஒன்று ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், இன்ச் டேப் எல்லாம் கிடக்கும் பைக்கு. மாட்டுவதற்கு இதில் ஓட்டை இருக்கிறது. இதைப் போய் ஒரு வசதியாகச் சொல்ல வேண்டியிருப்பதே ஆப்பிளின் புண்ணியம். 2021இல் வந்த ஏர்டேக் 11 கிராம் எடை, 31.9 மில்லிமீட்டர் விட்டம், தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும், பளபளவென்று பார்க்க லட்சணமாக இருக்கும். சாவியில் கோக்க ஒரு துளை மட்டும் கிடையாது. அதற்குத் தனியாக ஓர் உறை வாங்க வேண்டும். சாவிக்கு மாட்டும் பொருளைச் சாவியில் மாட்ட முடியாதபடி செய்து, மாட்டுவதற்கானதைத் தனியே விற்கும் துணிச்சல் அந்த நிறுவனத்துக்குத்தான் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேக்கா நிலையத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மேசை ஓரத்தில் மாட்டிய குடையை அங்கேயே விட்டுவிட்டு எம்ஆர்டி பக்கம் நடந்தேன். எம்ஆர்டி வாசலை அடைவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது: குடையை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். திரும்பிப் போனேன். குடை அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையை யாரோ ‘சோப்’ செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் உட்காராமல் ஒதுங்கியிருந்தார்கள் போல. சிங்கப்பூரில் டிஷ்யூ பொட்டலத்துக்கும் குடைக்கும் இருக்கும் மரியாதை அப்படி.

அன்றைக்கு எச்சரித்தது என் கைப்பேசியேதான். டேக் தன் எல்லைக்கு வெளியே போனதும் குரல் கொடுத்துவிட்டது. நாம் வெகுதூரம் போன பிறகு நடப்பது வேறு. டேக்குக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. ஓர் அடையாளக் குறியை மட்டும் ப்ளூடூத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குறியையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். பக்கத்தில் போகும் ஏதோ ஓர் ஐபோன் அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தைப் பூட்டுப் போட்டு இணையத்துக்கு அனுப்பும். திறக்கும் சாவி நம்மிடம் மட்டுமே. ஆக, கூட்டம்தான் இதன் கண். பஃப்பலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் அதற்குப் பஞ்சமே இல்லை. வரைபடத்தில் தெரியும் புள்ளிக்கு மாடிக்கணக்கு மட்டும் தெரியாது. தேக்கா நிலையத்தில் கீழே மீன் வெட்டும் இடமா, மேலே சேலைக் கடையா என்பதை நாம்தான் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். இருபது மாடி புளோக்குகள் நிறைந்த ஊரில் இது சின்னக் குறை இல்லை. ஆனாலும் வெளியில் இதன் வேலைக்கு நான் பத்துக்கு எட்டு கொடுப்பேன்.

இனி வீட்டுக்குள். 1997இல் வந்த குடிமைத் தற்காப்புக் காப்பிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்று ஓர் அறை இருக்கும். கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்குவதற்கு. குண்டு விழாத நாட்களில் அதற்குள் ஒதுங்கியிருப்பவை வேறு: அரிசி மூட்டை, மடக்கு ஏணி, பெட்டிகள், தீபாவளி விளக்குச் சரம், பழைய மின்விசிறி, ஊரிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரம், டிரில், ஸ்பேனர், ஆணி டப்பா. நான் போயிருக்கும் பெரும்பாலான தமிழ் வீடுகளில் கருவிகளின் நிரந்தர முகவரி அதுதான்.

அந்தக் கதவைச் சாத்தினால் டேக் செத்தது. ‘ஒலி எழுப்பு’ என்று அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிறகு தொடர்பு கிடைக்கவில்லை என்கிறது. கதவுக்கு நேர் வெளியே, இரண்டு அடி தள்ளி நின்றாலும் அதே பதில்தான். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மரக்கதவையும் சாதாரணச் சுவரையும் ஓரளவு தாண்டும். இரும்புத் தகடும் கம்பி பின்னிய கான்கிரீட்டும் அதை விழுங்கிவிடும். குண்டையே தடுக்கக் கட்டிய அறை, பேட்டரிப் பொத்தானின் முனகலையா விட்டுவைக்கும்? கதவைத் திறந்தால் உடனே கீச்கீச்சென்று கத்துகிறது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பதைத்தானே டேக் இல்லாத காலத்திலும் செய்துகொண்டிருந்தோம்!

உள்ளே அடுத்த எதிரி மைலோ டப்பா. திருகாணி, வாஷர், ஆலன் கீ, ஃபியூஸ் கம்பி, எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவிகள் எல்லாம் எங்கள் வீட்டில் பழைய மைலோ டப்பாக்களில்தான். மூடி இறுகினால் அதுவும் ஒரு குட்டி பாம் ஷெல்ட்டர். சோதித்துப் பார்க்க ஒரு டேக்கை டப்பாவுக்குள் போட்டு மூடி, கூடத்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் நின்றபோது மெதுவாகக் கத்தியது. சமையலறைக்குப் போனதும் தொடர்பே விட்டுப்போனது.

அசல் ஏர்டேக்கில் இன்னொரு வசதி உண்டு. ஐபோன் 11 முதல் பெரும்பாலான மாடல்களில் அம்புக்குறி போட்டு, இத்தனை மீட்டர், இந்தப் பக்கம் என்று வழிகாட்டும். அதற்கு அல்ட்ரா வைட்பேண்ட் சில்லு வேண்டும். என்னுடைய மலிவு டேக்கில் அது இல்லை, வெறும் கீச்சொலிதான். சோபா இடுக்கில் விழுந்த சாவிக்கு அம்புக்குறி உண்மையிலேயே பெரிய உதவி. இரும்புக் கதவுக்கு முன்னால் அதுவும் ரேடியோ அலைதான்.

இவையெல்லாம் இயற்பியல். பொறுத்துக்கொள்ளலாம். என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று. டேக் மாட்டியிருப்பது பையில். தேவைப்படுவது பைக்குள் இருக்க வேண்டிய நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர். பை சமர்த்தாகக் கத்தி, தான் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. திறந்தால் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு டேக் மாட்ட முடியுமா? முறுக்கு அச்சைக் கண்டுபிடித்துவிடலாம், அதன் நட்சத்திரச் சில்லைத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடு முழுக்கத் தேடுகிறோம். அதில் எங்கே ஒட்டுவது?

அதோடு, வீட்டில் பொருள் தானாகத் தொலைவதில்லை. யாரோ எடுக்கிறார்கள், யாரோ ஒதுங்கவைக்கிறார்கள். “பத்திரமா எடுத்து வெச்சேன்” என்று யாராவது சொன்னால் அந்தப் பொருளுக்குத் தலைமுழுகிவிடலாம். எங்கே என்பதற்கு முன்னால் வீட்டில் எழும் கேள்வி “யார் எடுத்தது?” என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பழைய பட்டறைகள் விடை வைத்திருந்தன. ரயில்வே பணிமனைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் தொழிலாளிக்கு எண் பொறித்த பித்தளை வில்லைகள் கொடுப்பார்கள். டூல் ரூம் ஜன்னலில் வில்லையைக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பேனரை வாங்கலாம். ஸ்பேனர் தொங்கிய ஆணியில் இப்போது வில்லை தொங்கும். மாலையில் ஜன்னல்காரர் ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த ஸ்பேனர் யார் கையில் என்று தெரிந்துவிடும். பேட்டரி வேண்டாம், செயலி வேண்டாம், கதவு இரும்பா மரமா என்ற கவலையும் வேண்டாம்.

என் டேக் ஒரே ஒரு முறை ‘யார்’ என்று சொன்னது. அதையும் தெரியாமல்தான் சொன்னது. டிரில் பெட்டி காணாமல் போன அன்று வரைபடத்தில் புள்ளி பொங்கோலில் நின்றது. சற்று நேரத்தில் மச்சானிடமிருந்து போன்: “என்ன லா மச்சான், எனக்குப் பின்னாடி ஏதோ டேக் வருதுன்னு போன் சொல்லுது. வேவு பாக்கறியா?” ஒருவர் பின்னால் இன்னொருவர் டேக்கை ஒளித்து அனுப்பித் தொல்லை கொடுக்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. 2024 மே முதல் ஆப்பிளும் கூகலும் சேர்ந்து, எந்தக் கைப்பேசியானாலும் இந்த எச்சரிக்கை வரும்படி செய்திருக்கின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு, குறை சொல்லவே மாட்டேன். இரவல் டிரிலைத் திரும்பி வரவழைக்கவும் அது உதவும் என்பதை அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். (மச்சான் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். பழைய கருவி நாலு காசுக்குக் கிடைத்த சுங்கை ரோடு ‘தீவ்ஸ் மார்க்கெட்’டை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதன் பிறகு இரவல்தான் மச்சானின் மார்க்கெட்.)

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கூகலின் கட்டமைப்பு 2024 ஏப்ரலில் வந்தது. இப்போது அதன் பெயர் ‘ஃபைண்ட் ஹப்’. பல கைப்பேசிகள் ஒன்றாகக் கண்ட இடத்தை மட்டுமே சொல்லும்படி அதன் தொடக்க அமைப்பு இருக்கிறது. அந்தரங்கத்துக்கு நல்லது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் குறையே தெரியாது. இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத வாய்ட் டெக்கில் விட்டுவந்த பை என்றால் திண்டாட்டம். செயலிக்குள் போய், ‘எல்லா இடங்களிலும்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு இதுதான். குடை, சாவி, பள்ளிக்கூடப் பை, விமானத்தில் போடும் பெட்டி இவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். மலிவு டேக்கே போதும். சாவியை வீட்டுக்குள்ளேயே தேடும் ஆள் என்றால் கூடுதலாகச் செலவழித்து அம்புக்குறி உள்ளதை வாங்குங்கள். கருவிகளுக்கு வேண்டாம். அதற்கு ஒரு மார்க்கர் பேனாவும் மாஸ்கிங் டேப்பும் வாங்கி, எந்த மைலோ டப்பாவில் என்ன என்று எழுதி ஒட்டுங்கள். இரவல் வாங்குபவர் பெயரை ஷெல்ட்டர் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

டேக் வாங்குபவர்கள் பேட்டரி விஷயத்தில் கவனமாக இருங்கள். சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியில், குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிடும்படி கசப்புப் பூசிய வகை உண்டு. அந்தப் பூச்சுள்ள சில பேட்டரிகள் ஏர்டேக்கில் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது, வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.