முற்றுப்பெறாத வாக்கியங்கள்: ‘அபிதா’வில் அம்பியின் மொழி

காஞ்சிபுரத்தை அடுத்த நெசவூரான ஐயம்பேட்டையில் இளமைப் பருவத்தைக் கழித்தவர் லா.ச. ராமாமிர்தம் (1916–2007). அவரது நடையை மந்திரமொழி என்று போற்றுவோர் உண்டு. வெறும் சொல்மயக்கம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இருசாராரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். அந்நடையை ஆசிரியர் பூட்டிய அணிகலனாகவே இருவரும் கருதுகின்றனர். 1970இல் வெளிவந்த ‘அபிதா’வைப் பொறுத்தமட்டில் இக்கருத்து பொருந்தாது. அங்கே வாக்கிய அமைப்பே கதைசொல்லியின் மனநிலையாக இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள நம் மரபிலேயே ஒரு கருவி உண்டு. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி, ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் ‘நள்ம்’ என்ற கோட்பாட்டை விரித்துரைத்தார். தனிச்சொல்லுக்குச் சிறப்பில்லை, சொற்கள் இலக்கண உறவால் இணையும் முறையிலேயே சிறப்பு பிறக்கிறது, உள்ளத்தில் பொருள்கள் அமையும் வரிசையையே நாவில் சொற்கள் பின்பற்றுகின்றன என்பது அதன் சாரம். இந்த இணைப்புக்கு அவர் காட்டும் உவமைகளுள் நெசவும் ஒன்று. சொல்லாமல் விடுவது சில இடங்களில் சொல்வதைவிட அதிகம் உணர்த்தும் என்றும் அவர் விளக்கினார். திருமறையின் ஒப்பற்ற தன்மையை நிறுவ எழுந்த ஆய்வு அது. அதை ஒரு புதினத்தோடு சமன்படுத்துவது நம் நோக்கமன்று. அரபுக் கவிதைகளை ஆராயவும் இமாம் கையாண்ட அதே அளவுகோலை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

செல்வம் சேர்ந்து, வயதும் ஏறிய அம்பி, மனைவி சாவித்ரியுடன் தன் பழைய ஊரான கரடிமலைக்குத் திரும்புகிறான். இளமையில் அவன் விட்டுச் சென்ற சகுந்தலை உயிரோடு இல்லை. அவள் மகள் அபிதா, தாயின் சாயலில் எதிரே நிற்கிறாள். அவன் மகளிடம் தாயையே காண்கிறான். இழந்த காலத்தை மீட்டுவிடலாம் என்று அவன் உள்ளம் அடம்பிடிக்கிறது.

தமிழில் காலத்தைத் தெளிவாக அறுதியிடுவது வினைமுற்று. ‘அவள் வந்தாள்’ என்றால் வருகை முடிந்து இறந்தகாலத்தில் சேர்ந்துவிட்டது. ‘அவள் வருகை’ என்று நிறுத்திவிட்டால் காலமே இல்லை. வெறும் பெயரை மட்டும் ஒரு வாக்கியமாக நிறுத்தினால், அப்பெயருக்கு உரியவர் இறந்தவரா இருப்பவரா என்ற கேள்விக்கே இடமில்லை. அம்பி நினைவில் ஆழும் இடங்களில் எல்லாம் தொடர்கள் இவ்வாறே எச்சமாகவும் பெயராகவும் அறுந்து நிற்கின்றன. ஒற்றைச் சொல்லே தனிப்பத்தியாகிறது. வினைமுற்றை எழுதினால் சகுந்தலை இறந்துவிட்டாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவன் உடன்படவில்லை.

இந்நடை லா.ச.ரா.வின் பிற படைப்புகளிலும் உள்ளதே, இதை அம்பியின் மனநிலை என்பது எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். நியாயமான வினா. ஆசிரியரின் இயல்பான நாட்டம் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இப்புதினத்தில் அந்த நாட்டத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வாய்த்திருக்கிறது. மற்றவர்கள் வாய்திறக்கும்போது அன்றாடப் பேச்சின் தெளிவு திரும்பிவிடுகிறது. காலம் நின்றுபோனது அம்பியின் உள்ளத்தில் மட்டுமே என்பதை அந்த வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது.

இதை உணராத வாசிப்பு ஒரு நீதியையும் தவறவிடுகிறது. அம்பியின் சொற்கள் அழகானவை. அந்த அழகில் மயங்கும் நாமும் அபிதாவை அவள் தாயின் நிழலாகவே பார்க்கத் தொடங்குகிறோம். அவளுக்கென்று ஒரு வாழ்வு, ஒரு விருப்பம், ஓர் அச்சம் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒருவனின் ஏக்கம் எத்துணை உண்மையானதாயினும், மற்றோர் உயிரைத் தன் நினைவின் கருவியாக்கிக்கொள்ளும் உரிமையை அது அவனுக்கு வழங்குவதில்லை. அறுந்து நிற்கும் அவ்வாக்கியங்களை நோயின் அறிகுறியாகப் படிக்கும்போதுதான், அம்பியின் சொற்களுக்குப் பின்னே மறைந்து நிற்கும் அந்தப் பெண் நம் கண்ணில் படுகிறாள்.