ஆக்சிமீட்டர் காட்டாதது

கில்லன்-பாரே நோயில் காலில் தொடங்கும் தளர்ச்சி, சில நாட்களில் மூச்சுத் தசைகளையும் எட்டலாம். 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நரம்பு நோய் இது. அத்தகைய நோயாளியின் விரலில் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. "மூச்சு சரி" என்று செவிலியர் குறித்துவிடுகிறார். எண் சரிதான், முடிவுதான் தவறு. சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை இரத்தம் உறிஞ்சும் அளவிலிருந்து பிராணவாயு நிறைவை மட்டுமே அக்கருவி கணிக்கிறது. தசையின் வலிமையை அது அறியாது. தசை ஓய்ந்து தோற்கும் தறுவாயில்தான் எண் சரியத் தொடங்கும்.

செவிலியரை மட்டும் குறை கூறாதீர்கள். கருவி எதை அளக்கிறது என்று கேட்கவிடாமல், 'ரீடிங்' எழுத மட்டும் பழக்கும் எங்கள் ஆய்வகங்களுக்கும் இதில் பங்குண்டு. நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். காலையில் 30 வரை எண்ணியவர் மாலையில் 15-இல் நின்றால், ஆக்சிமீட்டர் என்ன சொன்னாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.