தோள் மாற்றும் நொடி

கடலில் ஓடும் டீசல் எஞ்சின்களில் நான் ரசித்து வியப்பவை பல. அவற்றில் முதலிடம், ஸ்வீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் 1990களில் தன் கே.ஏ.டி. வரிசை எஞ்சின்களில் வைத்த காற்று ஏற்பாட்டுக்கு. ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர் எஞ்சின். அதில் சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்க ஒரு சூப்பர்சார்ஜர், ஒரு டர்போசார்ஜர், இரண்டும் உண்டு. ஒன்று போதாதா என்று கேட்கத் தோன்றும். பதில் வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

வேகப்படகு கிளம்பும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. வேகம் கூடக்கூட முன்பக்கம் தூக்கும், பின்பக்கம் அமிழும். தான் எழுப்பிய அலையின் மேலேயே படகு ஏறியாக வேண்டிய கட்டம் அது. அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். தாண்டும் வரைதான் பாடு. லாரி ஓட்டுபவர் மேடு வந்தால் கியரைக் குறைத்துக்கொள்வார். இந்தப் படகுகளிலோ முன்னால் போக ஒரே கியர்தான். ஆகவே எஞ்சின் பாதிச் சுற்றில் இருக்கும்போதே பலம் முழுவதையும் காட்டியாக வேண்டும்.

அந்த இடத்தில்தான் டர்போ கைவிடும். ஒரே தண்டின் ஒரு முனையில் எக்ஸாஸ்ட் புகை தள்ளும் சக்கரம், மறுமுனையில் காற்றைத் திணிக்கும் சக்கரம். முழு ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கும். ஆனால் அது ஏற்றும் அழுத்தம் ஏறக்குறைய சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுற்று பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். எஞ்சின் மெதுவாக ஓடினால் புகை குறைவு; புகை குறைந்தால் காற்றும் குறைவு. காற்று இல்லாத நேரத்தில் டீசலை மட்டும் கூட்டினால் அது சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். படகின் பின்பலகையில் எழுதிய பெயரின் மேல் படியும் கரி அப்படி வந்ததுதான்.

சூப்பர்சார்ஜர் புகைக்காகக் காத்திருப்பதில்லை. கிராங்க்ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட்டே அதைச் சுற்றுகிறது. இதிலுள்ளது, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற வகை. கூட்டுக்குள் இரண்டு சுழலிகள், ஒன்றின் மடல் இன்னொன்றின் குழிக்குள் புகுந்து வெளிவரும்படி சுற்றும். பார்த்தால் உரசிக்கொள்வதுபோல் இருக்கும். உண்மையில் தொடுவதே இல்லை. ஓரத்தில் உள்ள பற்சக்கரங்கள் இரண்டையும் மயிரிழை இடைவெளியில் பிடித்து வைக்கின்றன. தொடாததால் உள்ளே எண்ணெய் தேவையில்லை, காற்றில் எண்ணெய் கலப்பதும் இல்லை. சுழலிகளுக்குள் காற்று நசுங்குவதும் கிடையாது. மடல்களுக்கும் கூட்டுக்கும் இடையே காற்றை அள்ளி மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும், அவ்வளவுதான். வெளிவாயில் இடம் போதாமல் நெருக்கும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. மெதுவான சுற்றிலும் இது நடக்கும். ஆனால் வேகம் ஏற ஏறக் காற்றைச் சூடாக்கி, எஞ்சினின் பலத்தையே தின்ன ஆரம்பிக்கும். இதற்காகத்தான் அதை நேரம் பார்த்து விலக்க வேண்டியிருக்கிறது.

கே.ஏ.டி. எஞ்சினில் சுற்று சுமார் 1,500-ஐத் தொட்டதும் மின்காந்தக் கிளட்ச் பெல்ட் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர் ஊளையிடத் தொடங்கும். அது தள்ளும் காற்று நேரே சிலிண்டருக்குப் போகாமல் டர்போவின் வாய்க்குப் போகிறது. இந்த வரிசையில்தான் நயம் இருக்கிறது. ஒன்று 1.3 மடங்கும் மற்றது 1.5 மடங்கும் ஏற்றினால், கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்க வேண்டும்: கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காற்று கூடியதால் டீசலை அதிகம் எரிக்கலாம். அதிகம் எரிந்தால் புகைக்கு வேகம். அந்த வேகத்தில் டர்போ முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். தான் தேவைப்படாத நிலையைச் சூப்பர்சார்ஜர் தானே உருவாக்கித் தருகிறது.

சுற்று 2,500-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கிளட்ச் விடுகிறது. சுழலிகள் ஓய்ந்து நிற்க, பக்கத்திலுள்ள மாற்றுவழி மடல் திறந்து, டர்போ வெளிக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சாமி புறப்பாட்டில் பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றும்போது மேலே இருக்கும் சாமி அசையாது, அப்படித்தான் இதுவும். ஊளை நின்று டர்போவின் மெல்லிய விசில் மட்டும் கேட்பதால்தான் மாற்றம் நடந்தது தெரிகிறது, படகின் இழுவையில் தெரிவதில்லை. பிறகு சூடான காற்று, கடல்நீர் ஓடும் குழாய்களுக்கு இடையே புகுந்து குளிர்ந்து, அடர்ந்து சிலிண்டருக்குள் நுழைகிறது.

அமெரிக்கர்கள் இதே இரண்டையும் முற்றிலும் வேறு மாதிரி சேர்த்தார்கள். 1938-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 6-71 இரண்டு வீச்சு எஞ்சின். இரண்டாம் உலகப்போரின் தரையிறங்கு படகுகளில் 225 குதிரைத்திறனோடு ஓடியது இதன் கிரே மரைன் வடிவம். அதில் காற்றை உறிஞ்சத் தனி வீச்சு கிடையாது. ரூட்ஸ் புளோயர் ஊதினால்தான் எரிந்த புகை வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வரும். பின்னாளில் டர்போ சேர்த்தபோது அதைப் புளோயருக்கு முன்னால் வைத்தார்கள். புளோயரைக் கழற்றிவிட முடியாது. கழற்றினால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது.

எலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்தின் 645 எஞ்சின் இழுவைக் கப்பல்களில் பெயர் வாங்கியது. அதன் டர்போ மாடல்களில் இரண்டு வேலையும் ஒரே சக்கரத்துக்கு. சுமை குறைவாக இருக்கும்போது கிராங்க்ஷாஃப்டே பற்சக்கர வரிசை வழியாக டர்போவைச் சுற்றுகிறது. புகைக்குப் பலம் வந்ததும் டர்போ பற்சக்கரத்தை முந்தி ஓடும். அந்தக் கணமே உள்ளேயிருக்கும் ஒருவழிக் கிளட்ச் பிடியை விட்டுவிடும். கம்பி இல்லை, கட்டளை இல்லை. உருளைகள் சரிவில் நழுவுவதே போதும்.

சிக்கனத்தில் எலெக்ட்ரோ-மோட்டிவை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் என் ஓட்டு ஸ்வீடன் எஞ்சினுக்குத்தான். அங்கே இரண்டு கருவிகளும் தத்தமக்கு நன்றாக வரும் வேலையை மட்டும், வரும் நேரத்தில் மட்டும் செய்கின்றன. வோல்வோ பென்டாவின் இன்றைய 5.5 லிட்டர் டி6 எஞ்சினும் இந்த ஜோடியை வைத்துத்தான் 480 குதிரைத்திறன் வரை தருகிறது.